68/4500 டேங்க் வாங்கினால் ஷாட் எண்ணிக்கை இரண்டு மடங்காகுமா?

காற்றாடி:
மூன்று ஆண்டுகளாக 48/3000 அலுமினிய டேங்கை வைத்துப் பெயின்ட்பால் (டேங்கில் அடைத்த காற்றால் சாயப் பந்துகளைச் சுடும் ஆட்டம்) ஆடிவந்த நான், சென்ற மாதம் 68/4500 கார்பன் ஃபைபர் டேங்க் ஒன்றை வாங்கினேன். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் எண் கன அங்குலத்தில் கொள்ளளவு, இரண்டாவது எண் எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை நிரப்பலாம் என்பது. 3000 பிஎஸ்ஐயில் கன அங்குலத்துக்குப் பத்து ஷாட் என்பது ஆட்டக்காரர்கள் வழக்கமாகப் போடும் கைக்கணக்கு. அதன்படி பழைய டேங்கில் 480, புதியதில் 1020 ஷாட் கிடைக்க வேண்டும். பழையது அந்தக் கணக்கை ஏறக்குறையக் காப்பாற்றியது. 200 பந்து கொள்ளும் ஹாப்பரும் 140 பந்துக் குப்பிகள் இரண்டும் தீரும் நேரத்தில் காற்றும் தீரும். புதியதிலோ ஹாப்பரும் மூன்று குப்பிகளும் காலியாகி, 620 பந்துகள் போன உடனேயே பந்துகள் பாதி வழியில் விழத் தொடங்கிவிட்டன. மார்க்கர், அதாவது துப்பாக்கி, அதே டிப்மேன் 98தான், வேகமும் அதேதான். எனவே டேங்க் பெரிதானால் ஷாட் பெருகும் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

அழுத்தமானி:
காரணத்தோடே மறுக்கிறேன். 620ஐ 1020ஆல் வகுத்துப் பாருங்கள், 0.61 வருகிறது. 3000ஐ 4500ஆல் வகுத்தால் 0.67. இவ்விரண்டும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. உங்கள் களத்தில் உள்ள கம்ப்ரஸர் 3000 பிஎஸ்ஐக்கு மேல் நிரப்புவதில்லை என்றால், நீங்கள் 68/4500க்குப் பணம் கொடுத்துவிட்டு 68/3000ஐக் கொண்டு ஆடியிருக்கிறீர்கள். டேங்கின் கழுத்தில் இருக்கும் மானியைப் பார்த்தீர்களா?

காற்றாடி:
பார்க்கவில்லை. நிரப்பிக் கொடுத்தவர் "ஃபுல்" என்றார், நானும் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் 680 வராமல் 620 ஏன் வந்தது?

அழுத்தமானி:
வேகமாக நிரப்பினால் காற்று சூடேறுகிறது. நிரப்பும்போது 50 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று ஆடும்போது 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், அழுத்தம் சுமார் 8 விழுக்காடு இறங்கிவிடும். மானியில் 4500 காட்டியது 4150 ஆகும், 3000 காட்டியது 2770 ஆகும். உங்கள் அறுபது ஷாட் அங்கேதான் போயிருக்க வேண்டும். கொள்ளளவும் அழுத்தமும் சேர்ந்துதான் ஷாட்டைத் தீர்மானிக்கின்றன. அவை இரண்டும் சரியாக இருந்தால் கைக்கணக்கு பொய்க்காது.

பழைய பம்ப்:
கைக்கணக்கு பொய்க்காது என்று நண்பர் இவ்வளவு உறுதியாகச் சொல்வதால் குறுக்கிடுகிறேன். மூன்று கிராம் எடையுள்ள பந்தை நொடிக்கு 280 அடி வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 11 ஜூல் ஆற்றல் போதும். அது 48இல் இருந்து வந்தாலும் 68இல் இருந்து வந்தாலும் பந்துக்கு ஒன்றுதான். அந்த 11 ஜூலைக் கொடுக்க மார்க்கர் எவ்வளவு காற்றை வீணாக்குகிறது என்பதே கேள்வி. டிப்மேன் 98 போன்ற புளோபேக் மார்க்கர், பந்தைத் தள்ளுவதோடு தன் சுத்தியலை (வால்வை அடித்துத் திறக்கும் பாகம்) பின்னுக்குத் தள்ளி மறுபடி ஏற்றவும் அதே காற்றைச் செலவிடுகிறது. நான் ஆடும் பம்ப் மார்க்கரில் அந்த வேலையை என் கை செய்கிறது. 13/3000 என்னும் சின்னஞ்சிறு டேங்கோடு அரைநாள் ஆடுகிறேன், யாரும் என்னை ஏளனம் செய்வதில்லை (செய்தாலும் என் காதில் விழுவதில்லை). பத்து ஷாட் என்ற எண் எந்த மார்க்கருக்கு, எந்தக் குழலுக்கு, எந்த வேகத்துக்கு என்று சொல்லாதவரை அதைக் கணக்கென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 300 அடி வேகத்தை 280க்குக் குறைத்தாலே பந்துக்கான ஆற்றல் 13 விழுக்காடு குறைகிறது.

அழுத்தமானி:
மார்க்கருக்கு மார்க்கர் செலவு மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காற்றாடியின் மார்க்கர் மாறவில்லையே. ஒரே மார்க்கரில் இரண்டு டேங்கை ஒப்பிடும்போது மார்க்கரின் குறை இரு பக்கமும் சமமாக அடிபட்டுப் போகும். கொஞ்சம் நுணுக்கமாகவே பார்ப்போம். டேங்க் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து வெளிவிடும் வால்வு) 800 பிஎஸ்ஐயை வெளிவிடுகிறது என்றால், உள்ளே அழுத்தம் 800க்குக் கீழே போனபின் இருக்கும் காற்றால் முழு வேகம் கிடைக்காது. ஆகவே 48/3000இல் 2200 பிஎஸ்ஐயும் 68/4500இல் 3700 பிஎஸ்ஐயும் மட்டுமே பயன்படும். இது பெரிய டேங்குக்குச் சாதகம். மறுபக்கம், 300 பாரை, அதாவது சுமார் 4350 பிஎஸ்ஐயை, நெருங்கும்போது காற்று பாயிலின் விதிக்கு (அழுத்தம் இரட்டித்தால் அடைபடும் காற்றும் இரட்டிக்கும் என்பதற்கு) முழுமையாக அடங்குவதில்லை, எதிர்பார்ப்பதைவிடச் சுமார் பத்து விழுக்காடு குறைவாக அடைபடுகிறது. இது பெரிய டேங்குக்குப் பாதகம். இரண்டையும் சேர்த்தால் பயன்படும் காற்று, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு விரித்து அளந்தால், சிறியதில் சுமார் 113 லிட்டர், பெரியதில் சுமார் 246 லிட்டர். விகிதம் 2.17. கைக்கணக்கின் விகிதம் 2.125. எதிரெதிரான இரு பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் கைக்கணக்கு பிழைத்துக்கொள்கிறது. ஒரு ஷாட்டுக்குக் கால் லிட்டர், அதாவது ஒரு டம்ளர் காற்று.

பழைய பம்ப்:
கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் 800 என்ற அடித்தளம் எல்லா மார்க்கருக்கும் பொருந்தாது. உள்ளே அழுத்தம் 800க்குக் கீழே இறங்கியதும் டேங்க் ரெகுலேட்டர் மூடிக்கொள்வதில்லை. திறந்தபடி நின்று, இருக்கும் அழுத்தத்தை அப்படியே வெளியே விடுகிறது. சொந்த ரெகுலேட்டர் இல்லாத டிப்மேன் 98 அப்போது வேகம் இழக்கும். ஆனால் பிளானெட் எக்லிப்ஸின் எமெக் போன்ற மார்க்கர் தனக்குள் ஒரு ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு சுமார் 135 பிஎஸ்ஐயில் இயங்குகிறது. அதற்கு 300 வந்தாலும் போதும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முறையிலேயே போட்டுப் பார்த்தேன்: சிறிய டேங்கில் பயன்படும் காற்று 113இல் இருந்து 141 லிட்டராகிறது, பெரியதில் 246இல் இருந்து 285 ஆகிறது. சிறியதற்கு 25 விழுக்காடு லாபம், பெரியதற்கு 16. உங்கள் விகிதம் 2.02க்கு இறங்கிவிட்டது. மார்க்கரின் குறை இரு பக்கமும் சமமாக அடிபட்டுப் போகும் என்றீர்களே, போகவில்லை பாருங்கள்.

அழுத்தமானி:
அந்த இடத்தில் நான் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன். எனினும் 2.02 என்பதும் இரண்டு மடங்குதான், ஐயா! தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் விடை மாறவில்லை. மேலும், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் மார்க்கர் குறைந்த காற்றைத்தான் செலவிடும் என்று படிப்பவர் யாரும் எண்ணிவிடக் கூடாது. அழுத்தம் குறைந்தால் அதே வேலைக்குப் பெரிய அறை நிறையக் காற்று வேண்டியிருக்கும்.

பழைய பம்ப்:
அதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்க விதிகளின்படி இரண்டு டேங்குகளையும் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கார்பன் ஃபைபர் டேங்குக்குப் பொதுவாக 15 ஆண்டு ஆயுள் வரம்பு வேறு உண்டு, அலுமினியத்துக்கு அது இல்லை. 3000க்கு மேல் நிரப்பாத களத்தில் ஆடுபவர் அந்தப் பணத்தை மார்க்கரிலோ பந்துக்குப் பொருந்தும் குழலிலோ போடலாம்.

காற்றாடி:
நேற்று மானியைப் பார்த்தேன். என் களத்தில் அவர்கள் "ஃபுல்" என்று சொல்வது 3000ஐச் சற்றே தாண்டிய இடம். அதனால் 4500 நிரப்பும் வேறொரு களத்துக்குச் சென்று, டேங்க் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி நிரப்பச் சொல்லி ஆடினேன். ஹாப்பரும் ஐந்து குப்பிகளும் தீர்ந்தன, ஆறாவது குப்பியில் பாதிக்குமேல் போன பிறகே வேகம் விழுந்தது. 980ஐ ஒட்டி வந்திருக்கும். விற்பனைப் பேச்சு என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இவ்வளவு பெரிய டேங்க் பழைய அலுமினிய டேங்கைவிட எடை குறைவாக இருப்பதைக் கைதான் முதலில் கவனித்தது.

பழைய பம்ப்:
அந்தக் களம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு?

காற்றாடி:
ஒன்றரை மணி நேரப் பயணம். அதை நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.