[கலைச்சொல்] ‘பேரண்டல் கண்ட்ரோல்’ நீக்கம்: நீக்குவது எதை?

அனுப்புநர்: க.மு. (கையேட்டுத் தொகுப்பு)

குழுவினருக்கு வணக்கம்.

கைபேசி, டேப்லெட் உதவிக் கையேட்டில் ‘ரிமூவ் பேரண்டல் கண்ட்ரோல்ஸ்’ (பிள்ளைகளின் சாதனப் பயன்பாட்டுக்குப் பெற்றோர் வைத்த வரம்புகளை எடுப்பது) பகுதி நிலுவையில் இருக்கிறது. வரைவில் ‘பெற்றோர் கட்டுப்பாடுகளை நீக்கு’ என்று போட்டிருக்கிறோம். இதில் பெயரும் இடிக்கிறது, வினையும் இடிக்கிறது.

பெயரை முதலில் பார்ப்போம். மாசுக் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, கொசுக் கட்டுப்பாடு. எதைக் கட்டுப்படுத்துகிறோமோ அது முன்னால் நிற்கிறது. இந்த வழக்கில் ‘பெற்றோர் கட்டுப்பாடு’ என்றால் கட்டுப்படுவது பெற்றோர்தான் என்றாகிவிடும். ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்று மாற்றவும் வழியில்லை; அதற்கு வேறு பொருள் ஊறிப்போய்விட்டது.

வினைதான் பெரிய தொல்லை. பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் தம் கைபேசியிலிருந்து மேற்பார்க்க உதவும் கூகுள் செயலியான ஃபேமிலி லிங்கில் அவர்கள் செய்யக்கூடிய மூன்று வேலைகளுக்கும் நம் வரைவில் ‘நீக்கு’ என்றே வருகிறது: குழந்தையின் கணக்கு மீதுள்ள மேற்பார்வையை முடித்துக்கொள்வது, அந்தக் கணக்கை ஒரு கைபேசியிலிருந்து மட்டும் எடுப்பது, கணக்கையே அடியோடு அழிப்பது. மூன்றாவதைத் தொட்டால் மின்னஞ்சல், படங்கள், வாங்கிய செயலிகள் எல்லாம் போகும். அவசரத்தில் இருக்கும் தாய் தகப்பன் இந்த மூன்றில் எது எது என்று எப்படிப் பிரித்தறிவார்?

என் முன்மொழிவு ‘பெற்றோர் பூட்டு’. கார்க் கதவில் இருப்பதைக் குழந்தைப் பூட்டு என்கிறோம், யாருக்கும் விளங்காமல் போகவில்லை. இன்னொரு நன்மை, பூட்டு என்றதும் வினைகள் தாமாகவே வந்து சேர்கின்றன. பூட்டைத் திறக்கலாம், மறுபடி பூட்டலாம், கழற்றி எடுத்துவிடலாம், உடைக்கலாம். தற்காலிக அனுமதி, நிலையான நீக்கம், குறுக்குவழி மூன்றுக்கும் தனித்தனிச் சொல் கிடைத்துவிடுகிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

---

அனுப்புநர்: இரா.செ. (அகராதிப் பணி)

ஐயா,

கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு நீங்கள் வைத்த வழக்கு பாதிதான் சரி. ஊர்க்கட்டுப்பாடு, சாதிக் கட்டுப்பாடு, அரசுக் கட்டுப்பாடு ஆகியவற்றில் முன்னால் நிற்பது கட்டுப்பாட்டை விதிக்கும் தரப்பு. ஊர்க்கட்டுப்பாடு என்று கேட்டு, ஊரையே யாரோ கட்டிப்போட்டார்கள் என்று ஒருவரும் நினைப்பதில்லை. ‘பெற்றோர் கட்டுப்பாடு’ அந்த வரிசையில் சேரும். இடைமுகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது, படிப்பவர்களுக்கும் பழகிவிட்டது. புழக்கத்தில் உள்ளதைப் பிடுங்கிவிட்டுப் புதிதை நடுவதற்கு வலுவான காரணம் வேண்டும். நீங்கள் சொன்ன இலக்கணக் காரணம் அதற்குப் போதாது.

கட்டுப்பாட்டுக்கும் சொந்த வினைகள் உண்டு: விதி, தளர்த்து, விலக்கு, மீறு. 2020 ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு ‘தளர்வு’ என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இன்று மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக விட்டால் அது தளர்வு. அடியோடு எடுத்துவிட்டால் விலக்கல். ‘நீக்கு’ குழப்புகிறது என்பதை முழுமையாக ஏற்கிறேன். மாற்ற வேண்டியது அதைத்தான்.

பூட்டில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். பிள்ளை எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்த்தான் என்ற அறிக்கையும், கைபேசி இருக்கும் இடத்தைக் காட்டுவதும் இதே தொகுப்பில் அடங்கும். அவை எதையும் பூட்டுவதில்லையே.

---

அனுப்புநர்: த.வே. (கைபேசிப் பழுதுநீக்கம்)

வணக்கம்.

சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வது நல்லது. கடைக்கு வருபவர் எல்லோரும் ‘பேரண்டல் கண்ட்ரோல் எடுக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை முழுக்க மாறும்.

எளிதில் முடிவது செயலிக்குள் இருக்கும் பூட்டு. பிளே ஸ்டோரில் மேலே உள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் குடும்பம் என்ற பகுதிக்குப் போய் 4 இலக்கப் பின் எண்ணைப் போட்டால் அணைந்துவிடும். எண் மறந்துபோனாலும் பெரிய பாடு இல்லை. கைபேசி அமைப்புகளில் செயலிகள் பட்டியலில் பிளே ஸ்டோரைத் திறந்து, சேமிப்பகத்தில் தரவை அழித்தால் அந்த எண்ணும் சேர்ந்து போய்விடும். காரணம், அந்த எண் அந்தச் சாதனத்தில் மட்டுமே கிடக்கிறது. வீட்டில் 3 கைபேசி இருந்தால் மூன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும், தனித்தனியாகவே எடுக்க வேண்டும். இதற்குப் ‘பூட்டு’ அச்சாகப் பொருந்துகிறது.

ஃபேமிலி லிங்க் சங்கதி வேறு. அதே பிளே ஸ்டோர்தான், ஆனால் குழந்தைக் கணக்கு மேற்பார்வையில் இருந்தால் தரவை அழித்து ஒரு பயனும் இல்லை. கட்டுப்பாடு கைபேசியில் இல்லை, கணக்கோடு ஒட்டியிருக்கிறது. கைபேசியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்கு (புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்கு) கொண்டுபோய்விட்டு அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் திரும்பி வந்து நிற்கும். பெற்றோர் தம் கைபேசியில் ஃபேமிலி லிங்கைத் திறந்து, பிள்ளையின் பெயரைத் தேர்ந்து, கணக்கு அமைப்புகளில் மேற்பார்வையை நிறுத்தினால்தான் தீரும். அதுவும் கணக்கில் பதிந்த வயது 13 ஆகியிருந்தால்தான். இந்த வரம்பு சில நாடுகளில் இன்னும் கூடுதல். அந்த வயதுக்குக் கீழே மேற்பார்வையை நிறுத்தும் வழியே கிடையாது. மிஞ்சுவது கணக்கை அழிப்பது மட்டும். க.மு. ஐயா சொன்ன மூன்று ‘நீக்கு’ இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. நிறுத்தும் பொத்தானைத் தேடிக் காணாமல் பெற்றோர் அழிக்கும் பொத்தானில் போய் முடிக்கிறார்கள்.

பழைய கைபேசியை விற்பவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் கணக்கைச் சாதனத்திலிருந்து எடுக்க வேண்டும் (பெற்றோரின் கடவுச்சொல் கேட்கும்), அதன்பின் அமைப்புகள் வழியாகத் தொழிற்சாலை நிலைக்கு மாற்ற வேண்டும். இதைத் தலைகீழாக, ஒலிப் பொத்தானையும் மின் பொத்தானையும் அழுத்திப் பிடித்து மீட்புப் பயன்முறை வழியே அழித்தால், ஆண்ட்ராய்டு 5.1 முதல் உள்ள பாதுகாப்பு விழித்துக்கொள்ளும். முன்பு இருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டபடி முதல் திரையிலேயே நின்றுவிடும். வாங்கியவர் கையில் அது வெறும் கண்ணாடிப் பலகைதான்.

ஐபோன், ஐபேடில் 2018 முதல், அதாவது ஐஓஎஸ் 12 முதல், பயன்பாட்டு நேரத்தைக் காட்டி வரம்பு வைக்கும் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதி உள்ளது. அதற்கென்று ஒரு 4 இலக்க எண். இது திரையைத் திறக்கும் எண் அல்ல. இந்த இடத்தில் தடுமாறாதவர் குறைவு. திரை எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். ‘பெற்றோர் பூட்டு’ என்று மட்டும் எழுதினால் ‘திரைப்பூட்டு’ என்பதோடு குழம்பி இந்தத் தடுமாற்றம் கூடுமே தவிரக் குறையாது. சாதனம் அவரவருடையதாக இருந்து எண் மறந்திருந்தால், ஐஓஎஸ் 13.4 முதல் வந்த பதிப்புகளில் ‘மறந்துவிட்டதா’ என்பதைத் தொட்டு, எண் வைக்கும்போது கொடுத்த ஆப்பிள் கணக்கைக் கொண்டு மீட்கலாம். குடும்பப் பகிர்வில் (குடும்பத்தாரின் ஆப்பிள் கணக்குகளை ஒரே குழுவாக இணைப்பதில்) உள்ள பிள்ளையின் ஐபேடு என்றால் அந்த ஐபேடில் மெனக்கெடுவது வீண். குடும்பத்தை அமைத்தவரின் சாதனத்தில் ஸ்கிரீன் டைமுக்குள் பிள்ளையின் பெயரைத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

எல்லாம் எடுத்த பிறகும் ‘சில தளங்கள் வரவில்லை’ என்று திரும்பி வருபவர்கள் உண்டு. வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரி, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 என்று இருக்கும், அல்லது ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பகுதியில் ஏதாவது வடிகட்டிச் சேவையின் பெயர் கிடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் தரவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் தடை பெரும்பாலும் ரவுட்டரில், திறக்காவிட்டால் பெரும்பாலும் கைபேசியில்.

பிற நிறுவனங்களின் கட்டுப்பாட்டுச் செயலிகளில் ‘நிறுவல் நீக்கு’ மங்கிக் கிடக்கும். அவை சாதன நிர்வாகி உரிமையை (கைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளை ஆளும் கூடுதல் அனுமதியை) வாங்கி வைத்திருப்பதுதான் காரணம். பாதுகாப்பு அமைப்புகளில் சாதன நிர்வாகிச் செயலிகள் பட்டியலுக்குப் போய் அந்த உரிமையை முதலில் எடுத்தால் பொத்தான் உயிர்பெறும்.

பள்ளியோ பயிற்சி நிறுவனமோ கொடுத்த டேப்லெட்டில் இருப்பது பெற்றோர் கட்டுப்பாடே அல்ல, நிறுவன மேலாண்மை. அதை நிறுவனம்தான் விடுவிக்க வேண்டும். அதையும் இந்தச் சொல்லுக்குள் இழுக்க வேண்டாம்.

---

அனுப்புநர்: க.மு.

த.வே. ஐயா, மிக்க நன்றி. நீங்கள் பிரித்துக் காட்டியதும் என் முன்மொழிவின் எல்லை தெரிந்துவிட்டது. பூட்டு என்பதை முழுத் தொகுப்புக்கும் வைக்க முடியாது. பொதுப்பெயராகப் ‘பெற்றோர் கட்டுப்பாடு’ இருக்கட்டும், இரா.செ. ஐயாவின் ஊர்க்கட்டுப்பாட்டு வாதத்தை ஏற்கிறேன். அதற்குள் சாதனத்தில் எண் போட்டு வைப்பதற்கு ‘பெற்றோர் பூட்டு’, கணக்கோடு ஒட்டியதற்கு ‘பெற்றோர் மேற்பார்வை’, இணைய வழியில் வைப்பதற்கு ‘வலை வடிகட்டி’ என்று பிரிக்கலாமா?

‘மேற்பார்வை’ இடத்தில் ‘கண்காணிப்பு’ வரக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. தெருமுனைக் கேமராவும் காவல்துறைப் பதவியும் அந்தச் சொல்லில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சட்டக் காரணமும் உண்டு. 2023ஆம் ஆண்டின் இந்தியத் தனிநபர் தரவுச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது, அவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதை நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தத் தடைக்குரிய சொல் கண்காணிப்பு. பெற்றோர் செய்வதற்கும் அதே சொல்லை வைத்தால் அனுமதிப்பதும் தடுப்பதும் ஒரே பெயரில் நிற்கும்.

அதே சட்டம் பெற்றோரோடு சட்டப்படியான பாதுகாவலரையும் சேர்த்துச் சொல்கிறது. தாத்தா பாட்டியிடம், சித்தி வீட்டில் வளரும் பிள்ளைகள் நிறைய. கலைச்சொல்லில் பெற்றோர் என்றே இருக்கலாம், ஆனால் பகுதியின் முதல் வரியிலேயே பாதுகாவலருக்கும் இது பொருந்தும் என்று எழுதிவிட வேண்டும்.

---

அனுப்புநர்: இரா.செ.

மூன்று பிரிவும் நன்று. வினைகளையும் இதிலேயே பூட்டிவிடுவோம். கூடுதல் நேரம் கொடுத்தால் ‘தளர்த்து’. பூட்டைக் ‘கழற்று’. மேற்பார்வையை ‘நிறுத்து’. வடிகட்டியை ‘எடு’. கணக்கைச் சாதனத்திலிருந்து ‘அகற்று’. திரும்பி வராதபடி போவதற்கு மட்டும் ‘அழி’. ‘நீக்கு’ இந்தப் பகுதியில் எங்கும் வேண்டாம், தலைப்பிலும்கூட. தலைப்பு ‘பெற்றோர் கட்டுப்பாட்டை விலக்குதல்’ என்று இருக்கட்டும்.

‘பைபாஸ்’ என்ற குறுக்குவழிக்குப் ‘பூட்டு உடைத்தல்’ என்ற யோசனையை ஏற்க மாட்டேன். பின் எண் மறந்த தாய் பிளே ஸ்டோர் தரவை அழிப்பது தன் பூட்டைத் தானே கழற்றுவது. அதற்கு உடைத்தல் என்று பெயர் வைத்தால் திருட்டு வாடை வீசும். பெற்றோருக்குத் தெரியாமல் செய்வதற்கு ‘மீறல்’ போதும்.

---

அனுப்புநர்: த.வே.

ஒப்புகிறேன். ஒரு சின்ன வேண்டுகோள்: ‘பின் எண்’ என்று வெறுமனே எழுதாதீர்கள். ‘பெற்றோர் பூட்டு எண்’, ‘திரைப்பூட்டு எண்’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுங்கள். வரி நீளும், ஆனால் தவறான எண்ணைப் போடுவது குறையும்.

---

அனுப்புநர்: க.மு.

அப்படியே திருத்திவிட்டேன். ஐபேடு பகுதியின் புதிய வாசகம் இது, பார்த்துச் சொல்லுங்கள்:

“அமைப்புகளைத் திறந்து ஸ்கிரீன் டைமைத் தொடுங்கள். எண்ணை மாற்றும் வரியைத் தேர்ந்து, எண்ணை அணைக்கும் வரியைத் தொடுங்கள். இப்போது கேட்பது பெற்றோர் பூட்டு எண்; திரைப்பூட்டு எண்ணைப் போட வேண்டாம். எண் போனதும் பூட்டு கழன்றுவிடும், ஆனால் நேர வரம்புகள் அப்படியே இருக்கும். அவற்றையும் விலக்க, ஸ்கிரீன் டைம் பக்கத்தின் அடிக்கு வந்து செயலி, இணையதளச் செயல்பாட்டை அணையுங்கள். பிள்ளையின் ஐபேடு குடும்பப் பகிர்வில் இருந்தால் இவற்றைக் குடும்பத்தை அமைத்தவரின் சாதனத்தில் செய்யுங்கள்.”

ஃபேமிலி லிங்க் பகுதியில் ‘கணக்கை அழி’ என்ற படியைத் தனிப் பத்தியாக்கி, மின்னஞ்சலையும் படங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளும் வழியை அதற்கு முன்னால் வைத்திருக்கிறேன். ரவுட்டர் பகுதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. த.வே. ஐயா, அந்த வைஃபை சோதனையை நீங்களே இரண்டு பத்தியில் எழுதித் தர முடியுமா?