புதுப்பிப்பு: ஹையேஸா டெலிக்காவா என்ற கேள்விக்கு என் முடிவு

நீண்ட பயணத்துக்கும் கரடுமுரடான காட்டுப் பாதைகளுக்கும் ஏற்றதாக, உள்ளேயே உறங்கும் வசதியோடு மாற்றியமைக்கக்கூடிய வான் டொயோட்டா ஹையேஸா, மிட்சுபிஷி டெலிக்காவா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய டெலிக்கா ஒன்றை வாங்கிவிட்டேன்.

ஹையேஸில் இடம் தாராளம். ஆனால் நான் பார்த்த ஹையேஸ்களில், நான்கு சக்கர இயக்க வகையிலும் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் தாழ்ந்த கியர் நிலை) இருக்கவில்லை. டெலிக்காவில் உண்டு, அதுவே என் முடிவைத் தீர்மானித்தது. திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிக்கு அப்பால் மணற்பாதையொன்றில் டயர்க் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20க்குக் குறைத்து லோ ரேஞ்சில் செலுத்தியபோது, வண்டி எங்கும் புதையாமல் நிதானமாக ஊர்ந்து கரையேறியது. தார் வீதிக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும் என்பதால், சிறிய கம்பிரசர் ஒன்று அவசியம்.

திருகோணமலையின் உப்புக் காற்றில் வளர்ந்த வண்டிகளைப் பார்ப்பவர்கள் முதலில் அடிப்பகுதிக்குள் படுத்துப் பாருங்கள். நான் தவிர்த்த ஒரு வானின் அடிச்சட்டத்தில் புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தது. திருப்புளியால் மெல்லத் தட்டியதும் துரு அப்பளம்போல் உதிர்ந்து என் நெஞ்சில் விழுந்தது.

டெலிக்காவின் 2.5 லீற்றர் டீசல் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டர்களை மூடியிருக்கும் மேற்பகுதியில்) வெடிப்பு விழக்கூடும் என்று இங்கே ஒருவர் எச்சரித்திருந்தார். அது சரியான எச்சரிக்கை. ஆகவே கட்டிலுக்குப் பலகை வாங்குமுன் ரேடியேட்டரையும் குழாய்களையும் மாற்றினேன். பயணத்துக்கான 60 லீற்றர் தண்ணீர் என்பது 60 கிலோ என்பதால், தண்ணீர்த் தொட்டியைக் கூரையில் வைக்காமல் இரு அச்சுகளுக்கும் நடுவே தாழ்வாகப் பொருத்துகிறேன்.