வட சென்னை மாடியில் ஸ்ட்ராபெர்ரி: காய்க்குமா, காசு வீணா?

தண்டையார்பேட்டை மாடி:
விதை பாக்கெட்டைத் தொடவே தொடாதீங்க. முளைக்கவே மூணு நாலு வாரம், முளைச்சாலும் தாய்ச்செடி ரகம் வராது. நீல ஸ்ட்ராபெர்ரி விதைன்னு விக்கிறது சுத்த ஏமாத்து. ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து வர்ற நாற்றை நவம்பர் கடைசியில, மழை கொஞ்சம் விட்டதும் நட்டா இங்கேயும் காய்க்கும். 8 இன்ச் மண்தொட்டிக்கு ஒரு செடி. கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, செம்மண் 1, மண்புழு உரம் 1. குருத்து, அதாவது இலையெல்லாம் கிளம்புற நடுத்தண்டு, சரியா மண்மட்டத்துல நிக்கணும். புதைஞ்சா அழுகும், மேலே தூக்கினா வேர் காயும்.

எண்ணூர்க்காரன்:
நடுறது எல்லாம் சரி சார், பூ எப்படி வரும்? விண்டர் டான், ஸ்வீட் சார்லி, கமரோசா ரகம் மூணுமே பகல் குறைஞ்சு, குளிரும் இருந்தாதான் மொட்டு கட்டும். டிசம்பர்ல பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கீழே சுருங்குது, அது போதும். ஆனா ராத்திரி? ஜனவரியிலேயே 20, 21 டிகிரி. பகல் 29-ஐத் தொடுது. பகல் நீளம் பாக்காத ரகம் வாங்கலாமேன்னு அடுத்து யாராவது வருவாங்க. அது பகல் நீளத்தைத்தான் பாக்காது, வெயிலைப் பாக்கும். சூடு ஏறினா அதுவும் வெறும் இலைதான் விடும்.

தண்டையார்பேட்டை மாடி:
மொட்டு இங்கே கட்டணும்னு யார் சொன்னது? மலைக்குளிர்ல வளர்ந்த நாற்றோட குருத்துக்குள்ள மொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். நாம அதை விரிய வைக்கிறோம், அவ்வளவுதான். அதனாலதான் நாற்று எங்கே வளர்ந்ததுன்னு கேட்டு வாங்கணும். உள்ளூர் நர்சரி நிழல்வலைக்குள்ள மாசக்கணக்கா கிடந்த செடின்னா நீங்க சொல்றதுதான் நடக்கும். பூ விரிஞ்சதும் மெல்லிய பிரஷ்ஷால நடுவுல சுத்தித் தடவுங்க. தேனீ வராத மாடியில பழம் கோணிக்கும். ஓடுதண்டு (மண்மேல ஓடி நுனியில புதுச் செடி விடுற கொடி) கிளம்பினா உடனே கிள்ளிடணும்.

வியாசர்பாடி செடிக்காரி:
ரெண்டு பேரும் வெயிலையே பேசுறீங்க. இந்தப் பக்கம் செடி சாகுறது தண்ணியால. ஸ்ட்ராபெர்ரிக்கு உப்பு ஆகவே ஆகாது. ஊத்துற தண்ணியோட டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல கரைஞ்சிருக்கிற உப்பு, மில்லிகிராம்ல) 450-ஐத் தாண்டினாலே விளைச்சல் விழ ஆரம்பிக்கும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல்நீர் ஏறினது ஊரறிஞ்ச விஷயம்.

பழைய இலையோட ஓரம் கருகிட்டே உள்ளே வந்தா உப்பு. புது இலை நுனி மட்டும் கருகினா கால்சியம் எட்டலை; கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு தடவை. மண் ஈரமா இருந்தும் செடி வாடினா குருத்தை நீளவாக்குல வெட்டிப் பாருங்க. உள்ளே செம்பழுப்பா இருந்தா அழுகல், காப்பாத்த முடியாது. கோகோபீட்லேயே உப்பு உண்டு. மூணு தடவை ஊறவெச்சுப் பிழிஞ்சு, கடைசிப் பிழிசல்ல டிடிஎஸ் மீட்டரை வெச்சுப் பாக்கணும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுற தண்ணியைச் செடிக்கு ஊத்துறாங்களே, அதுல வடிகட்டின உப்பு அத்தனையும் இருக்கு!

எண்ணூர்க்காரன்:
அக்கா சொல்றதும் என் பக்கம்தான் சேருது. கேன் தண்ணி வாங்கி ஊத்தினா ஒரு பழம் என்ன விலை ஆகும்? செடிக்குப் பத்துப் பழம் வந்தா பெரிசு. அதே இடத்துல மல்பெரி வெச்சா கவாத்து பண்ணப் பண்ணக் காய்க்கும், வெயிலும் தாங்கும்.

வியாசர்பாடி செடிக்காரி:
கேன் எதுக்கு தம்பி? நடுற சீசனே மழை சீசன். மாடிக்குழாய்ல வர்றதை 200 லிட்டர் டிரம்ல பிடிங்க. முதல் பத்து நிமிஷத் தண்ணியை விட்டுடணும். மணலி, எண்ணூர்ப் பக்கம் மாடியில கரி படிஞ்சிருக்கும். தொட்டிக்கு 300 மில்லி, பத்துத் தொட்டிக்கு நாளைக்கு 3 லிட்டர். ஒரு டிரம் ரெண்டு மாசத்துக்கு மேல வரும். வாயைக் கொசுவலையால இறுக்கிக் கட்டுங்க, டெங்கு காலம்.

தண்டையார்பேட்டை மாடி:
டிரம் நல்ல யோசனை. ஆனா அடைமழையில தொட்டியை சன்ஷேடுக்கு அடியில நகர்த்திடணும், இல்லேன்னா பூவுலேயே சாம்பல் பூஞ்சை பிடிக்கும். காய் மண்ணுல படாம வைக்கோல் போடுங்க. முழுசா சிவந்த பிறகுதான் பறிக்கணும், பறிச்சு வெச்சா இனிப்பு ஏறாது.

எண்ணூர்க்காரன்:
மார்ச்சுக்கு அப்புறம்?

தண்டையார்பேட்டை மாடி:
வெயில் ஏறினா செஞ்சிலந்தி (இலைச்சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி) வரும், செடியைத் தூக்கிடணும். ஓடுதண்டுல நாற்று எடுத்து அடுத்த வருஷம் வைக்கலாம்னு நினைக்காதீங்க, குளிர் படாத நாற்று அது. கலவையை நல்ல தண்ணி விட்டு அலசிட்டு கீரை போடுங்க. தக்காளி, மிளகாய், கத்திரி வேண்டாம். வாடல் நோய்ப் பூஞ்சை எல்லாத்துக்கும் பொது.

எண்ணூர்க்காரன்:
அப்போ வருஷா வருஷம் நாற்றுக்காசு. டிரம் யோசனையை மட்டும் எடுத்துக்கிறேன் அக்கா, மல்பெரிக்கு ஊத்த.