ஹால்சிக்கு ஐந்தாவது நட்சத்திரம் தகுமா?

கடல்நாரை:
அமெரிக்கக் கப்பற்படையின் மிக உயர்ந்த பதவியான ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள் மொத்தமே நாலு பேர், எல்லாரும் இரண்டாம் உலகப்போர்த் தளபதிகள். லீஹி, கிங், நிமிட்ஸ் மூவரைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. நாலாவதாக வில்லியம் ஹால்சிக்குக் கொடுத்தது தப்பு, அது பசிபிக்கில் அவரோடு சம நிலையில் இருந்த தளபதி ஸ்ப்ரூவன்ஸுக்குப் போயிருக்க வேண்டும். 1944 அக்டோபர் 24 இரவு, பிலிப்பைன்ஸில் லேய்ட்டே வளைகுடாப் போரின் நடுவே, அமெரிக்கப் படை தரையிறங்கிய இடத்துக்கு வழியான சான் பெர்னார்டினோ நீரிணையைத் திறந்துபோட்டுவிட்டு ஹால்சி மொத்தப் படையோடு வடக்கே போனார். காவலுக்கு ஒரு நாசகாரிக் கப்பலைக்கூட விட்டு வைக்கவில்லை. அவர் துரத்தியது ஜப்பானியத் தளபதி ஓசாவாவின் நாலு விமானந்தாங்கிகளை. அவற்றில் இருந்த விமானங்களோ சொற்பம், அது தூண்டில். விடிந்ததும் இன்னொரு ஜப்பானியத் தளபதி குரிட்டா, யமாட்டோ என்ற ராட்சதப் போர்க்கப்பலோடு அந்த நீரிணை வழியாக வந்து, சமார் தீவருகே இருந்த சின்ன அமெரிக்கக் கப்பல்கள் மேல் விழுந்தார்.

பாய்மரம்:
நாரை அண்ணே, தூண்டில் என்று இன்று நமக்குத் தெரியும். அன்று அவருக்கு எப்படித் தெரியும்? எதிரிக் கடற்படையின் பெரும்பகுதியை அழிக்க வாய்ப்பு வந்தால் அதுவே முதல் வேலை என்று அவருடைய மேலதிகாரி நிமிட்ஸ் எழுத்திலேயே கொடுத்திருந்தார். அதே வருடம் ஜூனில், பிலிப்பைன் கடல் போரில், தரையிறங்கிய படைக்குக் காவலாக நின்று ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தப்பவிட்டார் என்று ஸ்ப்ரூவன்ஸை எல்லாரும் ஏசினார்கள். நின்றாலும் திட்டு, ஓடினாலும் திட்டு. அந்த 24 பகலில் குரிட்டாவின் போர்க்கப்பல் முசாஷியை ஹால்சியின் விமானங்கள் மூழ்கடித்து, குரிட்டா மேற்கே திரும்பியும் விட்டாரே.

கடல்நாரை:
திரும்பியவர் மறுபடி திரும்பினார். இண்டிபெண்டன்ஸ் கப்பலின் இரவு விமானங்கள் அதைப் பார்த்துச் சொல்லின. நீரிணையின் வழிகாட்டி விளக்குகள் எரிகின்றன என்றும் செய்தி வந்தது. யாரும் வராத வழிக்கு எதற்கு விளக்கு? வடக்கே இருப்பது தூண்டில்தான் என்று ஹால்சியின் போர்க்கப்பல்களுக்குத் தலைவரான வில்லிஸ் லீ எச்சரித்தார். கிடைத்த பதில், செய்தி வந்து சேர்ந்தது என்பது மட்டும்தான்.

உப்புக்காற்று:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஹால்சி நிமிட்ஸின் கீழ். தரையிறக்கத்துக்குத் துணை நின்ற, சமார் சின்னக் கப்பல்களும் சேர்ந்த கடற்படையின் தளபதி கின்கெய்டு, தரைப்படைத் தளபதி மக்ஆர்தரின் கீழ். கடலில் இருவருக்கும் பொதுவாக ஒரு தலைமை இல்லை. போர்க்கப்பல்களைப் பிரித்து 34 ஆம் பணிப்படை அமைக்கப்படும் என்று ஹால்சி அனுப்பியதைக் கின்கெய்டு ஒட்டுக்கேட்டு, அமைத்தாகிவிட்டது, நீரிணைக்கு அது காவல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். 'படும்' என்பதற்கும் 'விட்டது' என்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சமாரில் இருந்த மாலுமிகள்.

அப்புறம் அந்தப் பிரபலமான செய்தி. அக்டோபர் 25 காலை நிமிட்ஸ் ஹால்சியிடம் கேட்டது, 34 ஆம் பணிப்படை எங்கே என்றுதான். எதிரி சங்கேதத்தை உடைக்காமல் இருக்க முன்னும் பின்னும் ஒட்டுச்சொற்கள் சேர்ப்பது வழக்கம். பின்னால் ஒட்டியது, 'உலகம் அறிய விரும்புகிறது' என்ற பொருளில் ஒரு வரி. அது செய்தியின் பகுதிபோலவே இருந்ததால் வெட்டாமல் ஹால்சி கையில் கொடுத்துவிட்டார்கள். மேலதிகாரி நக்கல் செய்கிறார் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றித் தளத்தில் அடித்தார். தலைமை அதிகாரி கார்னி பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் தெற்கே திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பாய்மரம்:
அந்த ஒரு மணி நேரத்தால் எதுவும் மாறவில்லை. ஹால்சிக்கு அந்தச் செய்தி வரும் முன்பே குரிட்டா பின்வாங்கத் தொடங்கிவிட்டார்.

கடல்நாரை:
யாரால்? ஹால்சியாலா? ஜான்ஸ்டன், ஹோல், சாமுவேல் பி. ராபர்ட்ஸ் மாதிரி சின்னக் கப்பல்கள் புகை விட்டபடி போர்க்கப்பல்களை நோக்கிப் பாய்ந்து டார்பிடோ விட்டதால். மூன்றும் மூழ்கின. ஜான்ஸ்டனின் தலைவர் எவன்ஸ் திரும்பி வரவில்லை.

பாய்மரம்:
சரி, லேய்ட்டேயில் தப்பு நடந்தது. ஒரு இரவை வைத்து ஒரு ஆளை எடை போடாதீர்கள். 52 வயதில், விமானந்தாங்கிக்குத் தலைமை ஏற்கப் பார்வையாளர் பயிற்சி போதும் என்றிருந்தும், முழு விமானிப் பயிற்சி முடித்துச் சிறகு வாங்கியவர். 1942 அக்டோபரில் தென் பசிபிக் தலைமையகமான நூமியாவுக்கு வந்தபோது, ஜப்பானியரோடு போராடிக்கொண்டிருந்த குவாடல்கனால் தீவு கைவிட்டுப் போகும் நிலை. நவம்பரில் வாஷிங்டன், சவுத் டகோட்டா இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் அந்தக் குறுகிய தண்ணீருக்குள் இரவில் அனுப்பினார். வாஷிங்டன் ஜப்பானியப் போர்க்கப்பல் கிரிஷிமாவை முடித்தது. அதே 1942 ஜூனில் நடந்த மிட்வே போருக்கு முன் தோல் நோயால் படுத்தபோது தன் இடத்துக்கு ஸ்ப்ரூவன்ஸைச் சொன்னதும் இவர்தானே!

கடல்நாரை:
1942 க்கு நானும் சல்யூட் அடிப்பேன். ஆனால் லேய்ட்டே ஒரு இரவு என்றால், 1944 டிசம்பர் 18 சூறாவளி? எண்ணெய் நிரப்ப முடியாமல் தவித்த நாசகாரிகளைப் புயலுக்குள் கொண்டுபோய் ஹல், மோனகன், ஸ்பென்ஸ் மூன்றும் கவிழ்ந்தன. சுமார் 790 பேர். தொட்டி காலியான கப்பல் மேல்பாரம் தாங்காமல் சாயும், மாலுமி யாரும் சொல்வான். விசாரணை மன்றமே அவர் முடிவில் பிழை என்றது. அடுத்த ஜூனில் இன்னொரு சூறாவளிக்குள் போனார்; பிட்ஸ்பர்க் க்ரூஸரின் முன்பக்கமே பிய்ந்துபோனது.

பாய்மரம்:
சூறாவளிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நவம்பர் இரவில் ஸ்ப்ரூவன்ஸ் இருந்திருந்தால் அந்த இரண்டு கப்பல்களையும் உள்ளே அனுப்பியிருப்பாரா?

கடல்நாரை:
மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தம்பி, நட்சத்திரம் கொடுத்தது 1945 டிசம்பரில். இரண்டு புயலுக்கும் பிறகு.