ரன்னாக் மூர்: காலடியில் அசையும் நிலம்

கிளாஸ்கோவிலிருந்து:

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவியும் கொராவர் ஸ்டேஷனில் இறங்கி, ரன்னாக் ஸ்டேஷன் வரை நடந்து போனோம். 18 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த நாள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஸ்காட்லாந்தின் மூர் நிலங்களில் நடந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் தொடங்குகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

மூர் என்றால் மரமில்லாத, ஈரம் காயாத மேட்டு நிலம். புல், பாசி, ஹெதர் புதர், நடுநடுவே கறுப்புக் குட்டைகள். ரன்னாக் மூர் சுமார் 130 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் மலைகள், நடுவில் பெரிய தாம்பாளம் மாதிரி இது. கடைசிப் பனியுகத்தில் இந்தத் தாம்பாளத்தில்தான் பனி குவிந்து, இங்கிருந்துதான் நாலா பக்கமும் பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு வழிந்ததாம். அது உருகி 11,000 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பனி இழுத்து வந்து விட்டுப் போன கிரானைட் பாறைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்ற ஊரைத் தாண்டியதும் ரயில் மூருக்குள் நுழைகிறது. 1889 ஜனவரியில், இந்த வழியாகப் பாதை போட முடியுமா என்று பார்க்க 7 பேர் நடந்தே கிளம்பினார்கள். மழையிலும் இருட்டிலும் சிக்கி அவர்கள் உயிரோடு திரும்பியதே பெரிய விஷயம். அப்படியும் பாதையைப் போட்டார்கள், 1894-ல் ரயிலும் ஓடியது. கொட்டிய மண்ணையெல்லாம் சேறு விழுங்கிக்கொண்டே இருந்ததால், சுள்ளிகளையும் மர வேர்களையும் மெத்தை மாதிரி பரப்பி, அதன் மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் சாம்பலும் போட்டு, தண்டவாளத்தை அதன் மேல் மிதக்க விட்டார்கள். ரயிலில் உட்கார்ந்து இதைப் படித்தபோது ஒரு கதை மாதிரிதான் இருந்தது. இறங்கி நடந்த பிறகுதான் உடம்புக்கே புரிந்தது.

கொராவர் 408 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுச் சாலை எதுவும் அங்கே வருவதில்லை. ரயில் போய் மறைந்ததும் கேட்டது 'குக்கூ' என்று ஒரே குரல். நம் ஊர்க் குயில் இல்லை, அதன் ஐரோப்பிய உறவு. நம் குயில் காகத்தின் கூட்டைத் தேடுகிற மாதிரி, இது நெட்டைக்காலி என்கிற சின்னக் குருவியின் கூட்டைத் தேடிப் போய் முட்டை போடும். அன்று முழுக்க எங்கே நடந்தாலும் அந்தக் குரல் கூடவே வந்தது.

லாக் ஒசியன் ஏரிக்கு முன்னால் வலப்பக்கம் பிரியும் பாதையில் ஏறினோம். ஓர் இடத்தில் பாதையை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். அந்தப் பக்கம் என் மனைவி சும்மா ஒரு குதி குதித்தாள். என் காலடியில் நிலம் ஆடியது. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பாயை விரித்து நின்றால் எப்படியோ, அப்படி. இரண்டு பேரும் அப்படியே அசையாமல் நின்றுவிட்டோம்.

குனிந்து ஒரு கைப்பிடி பாசியை அழுத்தினேன். ஸ்பாக்னம் என்று பெயர். இளம்பச்சை, நுனியில் ரோஸ் நிறம். நனைந்த துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. கையை எடுத்ததும் மெதுவாக உப்பித் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தன் காய்ந்த எடையைப் போல 20 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கக்கூடியது இது. தண்ணீரைப் புளிப்பாக்கிவிடுகிறது, அடியில் காற்றும் போகாது. அதனால் செத்த செடி மக்குவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து பீட் ஆகிறது, வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அதாவது ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் வருடம். இது தெரிந்த பிறகு கால் வைக்கவே கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது.

மழை அரித்த ஒரு பீட் கரையில் பைன் மரத்தின் அடிக்கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கே காடு இருந்தபோது நின்ற மரம். பட்டை அப்படியே இருந்தது. விரலால் தொட்டால் ஈரமாக, உறுதியாக, போன வருடம் வெட்டியது போல.

பக்கத்திலேயே சன்ட்யூ. சட்டைப் பொத்தான் அளவு இலை, அதைச் சுற்றிச் சிவப்பு மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு. பனித்துளி என்றுதான் நினைப்போம், அது பசை. ஓர் இலையில் மிட்ஜ் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டு இன்னும் கால் உதறிக்கொண்டிருந்தது. இரண்டு மயிர்கள் அதன் பக்கம் வளைந்திருந்தன. இந்த மண்ணில் சத்து இல்லை, அதனால் இந்தச் செடி வானத்திலிருந்து சாப்பிடுகிறது. முழங்கால் முழுக்க நனைந்தது, நாங்கள் எழுந்திருக்கவில்லை.

பிரிட்டனில் இப்போது இந்தப் பகுதியில் மட்டுமே வளரும் ரன்னாக் ரஷ் என்ற கோரையையும் தேடினோம். கண்ணில் படவில்லை. அதற்காகவே இன்னொரு தடவை போக வேண்டும்.

*

எடின்பரோவிலிருந்து:

அண்ணா, அந்தப் பாசியைப் பிழிந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான் ரன்னாக் மூரை மேற்குப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன், ஏ82 சாலையில், அக்டோபரில். கிளென்கோ பள்ளத்தாக்குக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் கடந்து போகிற இடம்தானே அது. நாங்கள் லாக் பா ஏரியோரம் காரை நிறுத்தினோம். அப்பாவுக்குத் தலை சுற்றல் என்றுதான் நிறுத்தியது. தண்ணீர் பிளேன்டீ நிறம். அடியில் உள்ள கல்லெல்லாம் செம்பு மாதிரித் தெரிந்தது. புல் முழுக்க அந்த மாதத்தில் நரி முதுகு நிறத்துக்கு வந்துவிடும். மழை மேகம் விலகி ஒரு கீற்று வெயில் அதன் மேல் ஓடிப் போனதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது, கிலோமீட்டர் கணக்கில்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மாடு கத்துகிறதோ என்று அப்பா கேட்டார். ரெட் டீர் என்கிற செம்மானின் கிடா. அக்டோபர் அவற்றுக்கு இணை சேரும் காலம், ஒன்றுக்கொன்று சவால் விட்டுக் கத்தும். ஒன்று கத்த, எங்கோ தூரத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது. அப்பாவின் தலை சுற்றலை அவரே மறந்துவிட்டார். முக்கால் மணி நேரம் மதகுச் சுவர் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா இப்போது இல்லை. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நான் அதே இடத்தில் நிறுத்துகிறேன்.

*

அபர்தீனிலிருந்து:

தங்கச்சி, படித்துக் கண் கலங்கிவிட்டது.

என்னுடையது ரன்னாக் இல்லை, இன்னும் வடக்கே, ஃப்ளோ கன்ட்ரி. கெய்த்னஸ், சதர்லண்ட் இரண்டிலும் பரவிக் கிடக்கும் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் சதுப்பு. நிலத்தைப் போர்வை மாதிரி பீட் மூடிக்கிடக்கும் இந்த வகையில் ஐரோப்பாவிலேயே பெரியது. 2024 ஜூலையில் யுனெஸ்கோ இதன் ஒரு பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த வகைச் சதுப்புக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது அதுதான் முதல் தடவை. சில இடங்களில் பீட் 10 மீட்டர் ஆழம். அதற்குள் 40 கோடி டன் கார்பன் அடைந்து கிடக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்வெர்னஸிலிருந்து ரயிலில் போய் ஃபோர்சினார்டில் இறங்கினேன். ஸ்டேஷன் கட்டடத்திலேயே ஆர்எஸ்பிபி பறவைப் பாதுகாப்பு அமைப்பின் பார்வையாளர் மையம். அங்கிருந்து கல் பாவிய நடைபாதை, கடைசியில் ஒரு மரக் கோபுரம். ஏறிப் பார்த்தால்தான் அந்தக் குட்டைகளின் கோலம் தெரியும். நூற்றுக்கணக்கில், வட்டமும் நீளமுமாக, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம்.

எனக்கு மறக்க முடியாதது அழகு மட்டும் இல்லை. 1980-களில் வரிச் சலுகைக்காக இந்த ஈர நிலத்தை உழுது, கால்வாய் வெட்டி, அமெரிக்காவிலிருந்து வந்த ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டுவிட்டார்கள். எத்தனையோ ஆயிரம் வருடத்துச் சேமிப்பு காயத் தொடங்கியது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 1988-ல் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். இப்போது மரங்களை வெட்டி, கால்வாய்களை அடைத்து, நிலத்தைத் திரும்ப நனைக்கிறார்கள். அடைத்த ஒரு கால்வாயின் ஓரம் நான் நின்றேன். பழைய உழவுசால் இன்னும் தெரிகிறது. அதற்குள் தண்ணீர் தேங்கி, ஸ்பாக்னம் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. பொன்னிற உப்புக்கொத்தி ஒன்று அந்த வரப்பு மேல் நின்று, ஒரே சுரத்தில், சோகமாக விசில் அடித்தது. அந்த உள்ளங்கை அகலப் பச்சையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

*

மான்செஸ்டரிலிருந்து:

அம்மா ஊரிலிருந்து வருகிறார், 68 வயது, முழங்கால் வலி. இதையெல்லாம் அவருக்குக் காட்ட வழி இருக்கிறதா? கொசு என்கிறீர்களே, அதுவும் பயமாக இருக்கிறது.

*

கிளாஸ்கோவிலிருந்து:

தாராளமாகக் கூட்டி வாருங்கள், தம்பி. நடக்கவே வேண்டாம். கிளாஸ்கோவிலிருந்து மலைக் (Mallaig) என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தாலே மூர் இரண்டு பக்கமும் விரியும். கொராவர், ரன்னாக் எதில் இறங்கினாலும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே மூர்தான். ரன்னாக்குக்குக் காரிலும் வரலாம், அந்தச் சாலை ஸ்டேஷனோடு முடிந்துவிடும். பிளாட்பாரத்தில் ஒரு கல் தலை இருக்கும், அதையும் காட்டுங்கள். பாதை பாதியில் பணமில்லாமல் நின்றபோது தன் சொந்தப் பணத்தைக் கொடுத்த ரென்டன் என்ற இயக்குநருக்காக, வேலை செய்த தொழிலாளர்களே செதுக்கியது.

மிட்ஜ் கொசுவுக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பயப்பட வேண்டும், அதுவும் காற்றில்லாத காலையும் மாலையும். தலைக்கு மாட்டும் வலை வாங்கிவிடுங்கள். மே முதல் பாதியில் வந்தால் கொசுத் தொல்லை இருக்காது, குயிலும் வந்திருக்கும். ஹெதர் பூத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட்தான், அப்போது கொசுவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் ரயில் ஒரு நாளைக்கு மூன்று நான்குதான், நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள். ஸ்டேஷன் வேலிக்கு வெளியே அதைப் போட்டு உட்கார வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பாசியை ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.