விஎம்முக்குள் பாக்கெட் எங்கே தேங்குகிறது? அவரவர் பட்ட அனுபவங்கள்

வணக்கம். ஒரு விஎம்மில், அதாவது விர்ச்சுவல் மெஷினில், நெட்வொர்க் மந்தம் என்று புகார் வந்தால் நாம் முதலில் திறப்பது டிராஃபிக் கிராஃபைத்தான். எத்தனை எம்பிபிஎஸ் போகிறது, லிங்க் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறோம். என் அனுபவத்தில் அந்த எண் பல நேரம் திசைதிருப்பிவிடும். நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதுதான் கேள்வி. இப்படி மாட்டியவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால், அடுத்து மாட்டுகிறவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது தொலைபேசி அழைப்புகளைக் கடத்தும் ஒரு மீடியா சர்வர். கேவிஎம் (லினக்ஸில் விஎம்களை ஓட்டும் வசதி) ஹோஸ்ட்டில், அதாவது விஎம்மைத் தாங்கும் நிஜ மெஷினில், நான்கு விசிபியு (விஎம்முக்குக் கொடுத்த சிபியு) கொண்ட விஎம். காலையில் நன்றாக இருக்கும். அழைப்புகள் ஏற ஏறக் குரல் வெட்டி வெட்டி வரும். ஹோஸ்ட்டில் 10 கிகாபிட் கார்டு, கிராஃபில் 170 எம்பிபிஎஸ் கூடத் தாண்டவில்லை. நெட்வொர்க் காலியாகத்தானே கிடக்கிறது, சாஃப்ட்வேரைப் பாருங்கள் என்றார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு திசைக்கு நொடிக்கு 50. நடுவில் நிற்கும் சர்வருக்கு இரண்டு பக்கமிருந்தும் வருவதால் ஓர் அழைப்புக்கு உள்ளே 100, வெளியே 100. ஆயிரம் அழைப்பு என்றால் உள்ளே 1 லட்சம், வெளியே 1 லட்சம். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், ஹெடர்கள் சேர்த்து ஐபி அளவில் 200 பைட். இதே 170 எம்பிபிஎஸ் பெரிய ஃபைல் டவுன்லோடாக வந்திருந்தால் நொடிக்குச் சுமார் 14 ஆயிரம் பாக்கெட்டில் முடிந்திருக்கும். கெர்னலுக்கு 200 பைட் பாக்கெட்டும் 1500 பைட் பாக்கெட்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

விஎம்முக்குள் டாப் கமாண்டைப் போட்டு 1 என்ற விசையை அழுத்தியதும் விஷயம் புரிந்துவிட்டது. முதல் சிபியுவின் எஸ்ஐ, அதாவது சாஃப்ட் இன்டரப்ட் வேலைக்குச் செலவான நேரம், 95 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் சும்மா. மொத்தச் சராசரியைக் காட்டும் மானிட்டரிங் திரையில் இது 25 சதவீதச் சுமையாகத் தெரிந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டோல்கேட்டில் நான்கு கவுன்ட்டர் இருந்தும் ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான். லினக்ஸின் ப்ராக் டைரக்டரி அடியில் இருக்கும் இன்டரப்ட்ஸ் ஃபைலிலும் விர்ட்ஐஓவின் (விஎம்மின் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) இன்புட் க்யூ ஒன்றே ஒன்று, அதன் எண்ணிக்கை முழுவதும் சிபியு 0 பத்தியில்.

அதே ப்ராக்கில் நெட் கீழே சாஃப்ட்நெட் ஸ்டாட் என்ற ஃபைலைப் பலர் திறந்தே பார்த்ததில்லை. ஒரு சிபியுவுக்கு ஒரு வரி, எல்லாம் ஹெக்ஸ் எண்கள். முதல் பத்தி கையாண்ட பாக்கெட், இரண்டாவது பேக்லாக் நிரம்பிக் கைவிட்டவை, மூன்றாவது டைம் ஸ்க்வீஸ். மூன்றாவது ஏறினால், ஒரு சுற்றுக்கு ஒதுக்கிய பட்ஜெட் தீர்ந்தும் வேலை மிச்சமிருந்தது என்று பொருள். அந்தப் பட்ஜெட் இயல்பாக 300 பாக்கெட். எனக்கு அந்தப் பத்தி கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

தீர்வு மல்ட்டிக்யூ, அதாவது ஒரு க்யூவுக்குப் பதில் பல க்யூ. லினக்ஸ் 3.8-லிருந்தே, அதாவது 2013 முதல், விர்ட்ஐஓ நெட்டில் இது இருக்கிறது. விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் எக்ஸ்எம்எல்லில் இன்டர்ஃபேஸின் டிரைவர் வரியில் க்யூஸ் 4 என்று சேர்த்து விஎம்மை ஒருமுறை முழுவதும் நிறுத்தி எழுப்ப வேண்டும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. பழைய கெர்னல் என்றால் கெஸ்ட்டுக்குள் (அதாவது விஎம்முக்குள்) ஈத்டூல் கமாண்டில் கம்பைன்ட் 4 என்றும் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு நான்கு சிபியுவும் சமமாக ஏறின, குரலும் தெளிவானது.

* * *

வணக்கம் அண்ணா, நீங்கள் கெஸ்ட்டுக்குள் கண்டதை நான் ஹோஸ்ட் பக்கத்திலிருந்து கண்டிருக்கிறேன். கேவிஎம் ஹோஸ்ட்களைப் பராமரிப்பதுதான் என் வேலை.

எங்களிடம் ஒரு விஎம்மில் பாக்கெட் தொலைகிறது. கெஸ்ட்டுக்குள் எந்தக் கவுன்ட்டரும் அசையவில்லை, டிராப் எல்லாம் பூஜ்யம். விஎம்மின் உரிமையாளர்கள் ஸ்விட்ச்சைக் கைகாட்டினார்கள், ஸ்விட்ச் ஆட்கள் கேபிளை. பாக்கெட் தொலைந்தது ஹோஸ்ட்டில் விஎம்மை இணைக்கும் டேப் இன்டர்ஃபேஸில். ஐபி கமாண்டில் லிங்க் புள்ளிவிவரம் கேட்டால் விநெட் என்று தொடங்கும் இன்டர்ஃபேஸில் டிஎக்ஸ் டிராப்ட் ஏறுவது தெரியும். திசை தலைகீழ் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்டுக்கு டிஎக்ஸ் (அனுப்புவது) என்றால் கெஸ்ட்டுக்கு ஆர்எக்ஸ் (பெறுவது). அங்கே டிராப் ஏறினால், ஹோஸ்ட் கொடுக்கத் தயாராக இருந்தும் விஎம் வந்து எடுக்கவில்லை என்று அர்த்தம். கெஸ்ட்டுக்கு அந்தப் பாக்கெட் வந்ததே தெரியாது, அதனால்தான் அதன் கணக்கில் பூஜ்யம்.

ஏன் எடுக்கவில்லை? டாப்பின் கடைசியில் எஸ்டி என்று ஓர் எண் இருக்கும், ஸ்டீல். நான் ஓடத் தயார், ஹோஸ்ட் எனக்குக் கோர் தரவில்லை என்று விஎம் சொல்லும் நேரம் அது. அண்ணா போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு க்யூ, நொடிக்கு 1 லட்சம் பாக்கெட். விர்ட்ஐஓ ரிங்கில் இயல்பாக 256 இடம், டேப் வரிசையில் 1000. இரண்டும் சேர்ந்து தாங்குவது 12 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். அந்த நேரத்துக்கு விசிபியுவை ஓரமாக உட்கார வைத்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் கீழே விழ வேண்டியதுதான். ஃபைல் டவுன்லோடுக்கு அது தெரியாது, டிசிபி திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். குரலுக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் கேஸில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பாக்கெட்டை டேப்பிலிருந்து கெஸ்ட் மெமரிக்குக் காப்பி செய்வது விஹோஸ்ட் என்ற கெர்னல் த்ரெட். லினக்ஸ் 2.6.34-ல், 2010-ல் வந்தது. அதற்கு முன்பு அந்த வேலையை விஎம்மை ஓட்டும் க்யூஇஎம்யூ புரோகிராமே செய்தது. விஎம்முக்கு நான்கு கோர் கொடுத்தோம் என்று கணக்கெழுதுகிறவர்கள் இந்த த்ரெட்டுக்கும் ஒரு கோர் வேண்டும் என்பதை எழுதுவதில்லை. எங்கள் ஹோஸ்ட்டில் விசிபியுவும் விஹோஸ்ட்டும் ஒரே கோரில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. விசிபியுக்களைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டிவைத்து (பின் செய்து), லிப்விர்ட்டின் எமுலேட்டர் பின் மூலம் விஹோஸ்ட்டை வேறு கோருக்குத் தள்ளினோம். இரண்டு சாக்கெட் சர்வராக இருந்தால் கார்டு எந்த நூமா நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் மெமரியும் சேர்ந்த பக்கம்) இருக்கிறது என்றும் பாருங்கள். சிஸ் டைரக்டரி அடியில் அந்த டிவைஸின் நூமா நோட் ஃபைலில் ஒரே எண்ணாக எழுதியிருக்கும். விஎம்மின் கோர், மெமரி, கார்டு மூன்றும் ஒரே பக்கம் இருந்த பிறகு டிராப் நின்றுவிட்டது.

* * *

மல்ட்டிக்யூ பற்றி ஒரு சேர்ப்பு. அது ஓடைகளைப் பிரித்துக் கொடுக்கும், ஒரே ஓடையை இரண்டாக வெட்டாது. ஐபி முகவரி, போர்ட் இவற்றை ஹாஷ் செய்துதான் எந்த க்யூ என்று முடிவாகிறது. எங்கள் விஎம் ஒரு ஐபிசெக் (மறையாக்கிய டனல்) கேட்வே. அதன் இஎஸ்பி பாக்கெட்டில் வெளியே தெரியும் போர்ட்டே இல்லை, இரண்டு முனை முகவரியும் எப்போதும் ஒன்றுதான். எட்டு க்யூ கொடுத்தும் ஒரே கோர்தான் வெந்துகொண்டிருந்தது. பாக்கெட்டை யுடிபிக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லானில் இந்தத் தொல்லை குறைவு, உள்ளிருக்கும் பாக்கெட்டின் ஹாஷை வைத்து வெளி யுடிபியின் சோர்ஸ் போர்ட்டை மாற்றிப் போடும்படி ஆர்எஃப்சி 7348-லேயே பரிந்துரைத்திருக்கிறார்கள். ஐபிசெக்குக்கு நாங்கள் டனலையே பலவாகப் பிரித்து வேறு வேறு முகவரிகளில் ஓட்டினோம்.

* * *

கிளவுடில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே ஹோஸ்ட் பக்கம் நமக்குக் கண் இல்லை, அதனால் டிரைவர் சொல்வதைத்தான் உற்றுக் கேட்க வேண்டும்.

எங்கள் அப்ளிகேஷன் ஓடுவது அமேசான் இசி2-வில். நெரிசல் நேரத்தில் சில ரிக்வெஸ்ட் மட்டும் திடீரென்று 5 செகண்ட் இழுக்கும், மற்றவை மின்னல் வேகம். இப்படி முழுசாக 5 செகண்ட் என்றாலே எனக்கு டிஎன்எஸ் மேல் சந்தேகம் வந்துவிடும். லினக்ஸ் ரிசால்வர் பதில் வராவிட்டால் மறுபடி கேட்பதற்கு முன் காத்திருக்கும் இயல்பான நேரம் 5 செகண்ட். ஈத்டூலில் புள்ளிவிவரம் கேட்டபோது இசி2-வின் நெட்வொர்க் டிரைவரான இஎன்ஏவின் பட்டியலில் லிங்க்லோக்கல் அலவன்ஸ் எக்ஸீடட் என்ற எண் ஏறிக்கொண்டே போனது. விபிசியின் (அமேசானில் நமக்கான தனி நெட்வொர்க்) டிஎன்எஸ்ஸுக்கு ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலிருந்து நொடிக்கு 1024 பாக்கெட் என்பது அவர்கள் ஆவணத்திலேயே எழுதியிருக்கும் வரம்பு. பெரிய இன்ஸ்டன்ஸ் வாங்கினாலும் இது மாறாது. அப்ளிகேஷனோ ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பெயரைக் கேட்கிறது, அதிலும் ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என்று இரண்டு கேள்வி. விஎம்முக்குள்ளேயே ஒரு டிஎன்எஸ் கேஷ் வைத்ததும் அந்த எண் உறைந்து நின்றது.

அதே பட்டியலில் பிபிஎஸ் (நொடிக்குப் பாக்கெட்) அலவன்ஸ் எக்ஸீடட், கான்ட்ராக் (இணைப்புகளின் கணக்கு) அலவன்ஸ் எக்ஸீடட் இரண்டையும் சேர்த்துக் கண்காணியுங்கள். பேண்ட்வித் பாதிகூடப் போகாமல் பாக்கெட் விழுகிறது என்றால் விடை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

* * *

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி இறுதியாண்டு. ப்ராஜெக்ட்டுக்காக லேப்டாப்பில் க்யூஇஎம்யூ வைத்து ஒரு பாக்கெட் கவுன்ட்டர் எழுதியிருக்கிறேன். ஹோஸ்ட்டிலிருந்து வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ல் 64 பைட் யுடிபி அனுப்பினால் விஎம்முக்குள் வந்து சேர்வது மிகக் குறைவு. விஎம்மின் முகவரி 10.0.2.15. டிபிடிகே (கெர்னலைத் தவிர்த்து புரோகிராமே பாக்கெட்டை நேராக எடுக்கும் கருவி) போட்டால் சரியாகிவிடும் என்று நண்பன் சொல்கிறான். போட்டுவிடலாமா அண்ணா?

* * *

தம்பி, அந்த முகவரியே பாதி பதில் சொல்லிவிட்டது. 10.0.2.15 என்றால் க்யூஇஎம்யூவின் யூசர் மோட் நெட்வொர்க், ஸ்லிர்ப். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு சாதாரண புரோகிராம் பிரித்து, சாக்கெட்டாக மாற்றி, மறுபடி கட்டிக் கொடுக்கிறது. ரூட் அனுமதி இல்லாமல் இன்டர்நெட் கிடைக்க அருமையான ஏற்பாடு. வேகம் அளக்க அதை வைத்துக்கொள்ளாதீர்கள். டேப் இன்டர்ஃபேஸ் ஒன்று உருவாக்கி விஹோஸ்ட்டை இயக்குங்கள்.

அடுத்து, கார்டு மாடல் எது என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் இ1000. அது இன்டெல்லின் 82540இஎம் என்ற நிஜக் கார்டைப் போல நடிக்கிறது. டிரைவர் அதன் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் விஎம் நின்று, கட்டுப்பாடு ஹோஸ்ட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். 10 கிகாபிட்டில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம், ஒன்றுக்கு 67 நானோசெகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் அது 200 சைக்கிள். விஎம்மிலிருந்து ஒருமுறை வெளியேறித் திரும்புவதற்கே ஆயிரம் சைக்கிளுக்கு மேல் ஆகிவிடும். இந்தப் போக்குவரத்தைக் குறைக்கத்தான் ரஸ்டி ரஸ்ஸல் விர்ட்ஐஓவை வடிவமைத்தார். 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-ல் அது வந்தது. நடிப்பை விட்டுவிட்டு, கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் ஒரு பொது ரிங்கில் கொத்தாகக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு.

டிபிடிகே நல்ல கருவிதான். ஆனால் அது இன்டரப்ட்டுக்குக் காத்திருக்காமல் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால், பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு கோர் 100 சதவீதத்தில் நிற்கும். ஹியூஜ் பேஜ் (பெரிய மெமரிப் பக்கங்கள்) ஒதுக்க வேண்டும். பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் போல நாம் பழகிய கருவிகள் அந்த இன்டர்ஃபேஸைப் பார்க்க முடியாது. எஸ்ஆர்ஐஓவியும் வேகம்தான். கார்டின் ஒரு பகுதியே நேராக விஎம்முக்குள் வந்துவிடும், ஆனால் லைவ் மைக்ரேஷன் (ஓடும்போதே விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றுவது) சிக்கலாகிவிடும். தேங்கும் இடம் எது என்று தெரியாமல் இவற்றைப் போட்டால், பழைய தேக்கம் அப்படியே இருக்கப் பராமரிக்க இன்னொன்று சேரும். உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.

அனுப்புகிற பக்கத்தையும் மறக்காதீர்கள். ஐபெர்ஃப்3-ன் 3.16-க்கு முந்தைய பதிப்புகள் எத்தனை ஸ்ட்ரீம் கேட்டாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். 64 பைட்டுக்கு ஒரு சிஸ்டம் கால் என்றால் அனுப்புகிறவரே முதலில் களைத்துப்போவார். அந்தப் புரோகிராமின் சிபியு 100-ல் நின்றால் நீங்கள் அளப்பது விஎம்மை அல்ல.

* * *

தம்பிக்கு இன்னொன்று. கெஸ்ட்டில் தற்போதைய கிளாக்சோர்ஸ் (கெர்னல் நேரத்தைப் படிக்கும் இடம்) எது என்று சிஸ் அடியில் பாருங்கள். கேவிஎம் கிளாக் அல்லது டிஎஸ்சி என்றிருந்தால் நல்லது. ஏசிபிஐ பிஎம் என்றிருந்தால், நேரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் விஎம் வெளியே போய்வரும். டிசிபிடம்ப் ஓடும்போது பாக்கெட்டுக்குப் பாக்கெட் நேரம் கேட்கப்படும். டிசிபிடம்ப் போட்டதும் மந்தமாகிறது, நிறுத்தியதும் சரியாகிறது என்று ஒரு விஎம் எங்களைச் சுற்றலில் விட்டது. காரணம் இதுதான்.

* * *

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. டேப், விர்ட்ஐஓ, விஹோஸ்ட் மூன்றும் மாற்றிவிட்டேன். இப்போது வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. கிளாக்சோர்ஸ் கேவிஎம் கிளாக்தான். ஆனால் இன்னும் கொஞ்சம் இழப்பு இருக்கிறது. கெஸ்ட்டில் டிராப் பூஜ்யம், சாஃப்ட்நெட் மூன்றாவது பத்தி லேசாக ஏறுகிறது.

* * *

ஐபெர்ஃப் ஓடும்போதே ஹோஸ்ட்டில் அந்த டேப்பின் டிஎக்ஸ் டிராப்ட்டைப் பாருங்கள் தம்பி. அங்கே ஏறினால் விஹோஸ்ட் த்ரெட்டும் விசிபியுவும் எந்தக் கோரில் ஓடுகின்றன என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் கெஸ்ட்டில் யுடிபியின் ரிசீவ் பஃபர் எரர் எண்ணைப் பாருங்கள். பாக்கெட் உள்ளே வந்து, உங்கள் புரோகிராம் எடுக்கத் தாமதித்து, சாக்கெட் பஃபரில் நிரம்பி விழுந்திருக்கும்.