மதுரையில் இருந்துகொண்டு கப்பல் படிப்பை மைனராக, அதாவது முதன்மைப் பட்டத்தோடு கூடுதல் துணைப்பாடமாக, எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

திருப்பாலை மெக்கானிக்கல்:
நான் எடுத்தேன். வீட்டில் வந்த முதல் கேள்வி, "அப்ப கப்பலுக்குப் போகப் போறியா?" இல்லை. கப்பலில் ஏறி இன்ஜினைப் பார்த்துக்கொள்வது மரைன் இன்ஜினியர் வேலை. மெக்கானிக்கல் முடித்தவர்கள் அதற்கு ஜி.எம்.இ. என்ற ஓராண்டுப் பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும். மைனரில் நான் படித்தது கப்பல் ஏன் மிதக்கிறது, ஏன் கவிழாமல் நிற்கிறது என்பதை. பெரியப்பா இன்னும் கல்யாண வீடுகளில் "மெர்ச்சன்ட் நேவி" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். நானும் மறுப்பதில்லை.

எங்கள் கல்லூரியில் இதற்கென்று லேப் கிடையாது. எடையை நகர்த்தி எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் சாய்வுச் சோதனையை அலங்காநல்லூர்ப் பக்கம் நண்பன் தோட்டத்து மோட்டார் தொட்டியில் செய்தோம். 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு பிளைவுட் பெட்டி. 10 செ.மீ. மூழ்கும்வரை செங்கல் ஏற்றினால் மொத்த எடை 27 கிலோ. உள்ளே 50 செ.மீ. நூலில் கொத்தனாரின் தூக்குக்குண்டு. அது ஆடிக்கொண்டே இருந்தால் அளக்க முடியாது என்பதால் குண்டு மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தில் அமிழ்ந்திருக்கும். நிஜக் கப்பலிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கல்லைப் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்த்தினோம். நூல் கிட்டத்தட்ட 4 செ.மீ. விலகியது. கணக்குப் போட்டால் ஜி.எம்., அதாவது சாய்ந்தால் நிமிரும் திறனைக் காட்டும் அளவு, நாலரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பெட்டி நேராக நிற்காது. காற்று அடித்தபோதெல்லாம் காத்திருந்ததில்தான் பாதி நேரம் போனது. தோட்டத்துத் தாத்தா பம்புசெட்டை நிறுத்திவிட்டு வந்து, "செங்கலை மேல அடுக்கிப் பாருங்கடா" என்றார். அடுக்கினோம். அதே கல்லுக்குப் பெட்டி இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. பாடத்தில் பல பக்கம் ஓடுகிற விஷயம்.

வில்லாபுரம் அக்கா:
தம்பி, தெப்பக்குளத்துத் தெப்பத்தை இந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறாயா? மேலே அத்தனை அலங்காரம், ஆட்கள், கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள், அசையாமல் போகிறது. எல்லாம் அகலம் செய்யும் வேலை. மூழ்கும் ஆழம் மாறாமல் அகலம் மட்டும் இருமடங்கானால், ஜி.எம்.மைக் கூட்டுகிற பி.எம். என்ற அளவு நான்கு மடங்கு.

வேலை விஷயத்தைக் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். ஒரு கப்பல் கட்டும் தளத்தின் நேர்முகத்தில் என் மைனர் சான்றிதழை அவர்கள் புரட்டக்கூட இல்லை. முதன்மைப் பட்டம் என்ன, வெல்டிங் தெரியுமா, வரைபடம் படிக்கத் தெரியுமா, அவ்வளவுதான். கப்பல் வடிவமைப்புதான் வாழ்க்கை என்றால் சென்னை ஐஐடி, கொச்சி குசாட் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் முழுப் பட்டமாகவே படியுங்கள். ஆசைக்கு என்றால் மைனர் போதும்.

உசிலம்பட்டி செகண்ட் இயர்:
கூடுதல் பாரம் எவ்வளவு அண்ணே? நான் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவன்.

திருப்பாலை மெக்கானிக்கல்:
பொதுவாக 18 முதல் 20 கிரெடிட் கூடுதல். எங்களுக்கு வகுப்பெல்லாம் சாயங்காலம்தான் வைத்தார்கள். கடைசி மணி முடிந்து ஆரப்பாளையம் போய்ச் சேரவே இருட்டிவிடும். முதலில் ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் கப்பல் நிலைத்தன்மை பாடம் ஒன்றைக் கேட்டுப் பார். வளைந்த வடிவங்களைக் கணக்கிட உதவும் சிம்ப்சன் விதியில் பரப்பும் கன அளவும் போட்டுக்கொண்டே இருப்பது அலுக்கவில்லை என்றால் பெயர் கொடு. மேத்ஸ் அரியர் இருந்தால் அதை முடித்துவிட்டு வா.